கார்புரேட்டரை மாற்றும் முன் மேனிஃபோல்டைப் பாருங்கள்

செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களைப் பற்றியும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றியும் எழுதாதவர் இல்லை. அதே வீடுகளின் கார் கொட்டகைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்கள் திரும்பும்போது பெட்டகத்தோடு காரையும் கொண்டுவந்த காலம் ஒன்று உண்டு. அடுத்த தலைமுறை சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, கார் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பீங்கானும் எனாமல் பாத்திரமும் விலைபோவது போல, இந்தக் கார்களும் ஒவ்வொன்றாக வெளியூர் போய்க்கொண்டிருக்கின்றன. "ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்பதுதான் விற்பவர்கள் சொல்லும் காரணம். ஓடாததற்குக் காரணம் பல சமயம் ஒரு சின்ன ரப்பர் வளையம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

நமது சங்க உறுப்பினர் ஒருவரிடம் 1972-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் இருக்கிறது. பினாங்கில் தொழில் செய்த தகப்பனார் கொண்டுவந்தது, 1600 சி.சி. ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐடிலிங் நிற்காது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் திணறும், பிறகு ஓடும். திருப்பத்தூர் போய் வருவதற்குள் இன்ஜின் தகிக்கும். கார்புரேட்டர் போய்விட்டது, புதிதாக மாற்றவேண்டும் என்று வெளியூர்க் கடை ஒன்றில் சொல்லி, ஒன்றை வாங்கவும் வைத்துவிட்டார்கள். மாட்டியும் குறை அப்படியே இருந்தது. அதன்பின் உள்ளூரில் வேலை நடந்தபோது நாமும் பலநாள் கூடவே இருந்து பார்த்தோம். மளிகை மொத்த வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சரக்கைக் குறை சொல்லுமுன் சாக்கைப் பார்க்கவேண்டும் என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இந்தக் காரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுவோம். இன்ஜின் பின்னால் இருக்கிறது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. டைனமோவோடு சேர்ந்து சுழலும் விசிறிதான் இன்ஜினைக் குளிர்விக்கிறது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில் இருக்கும். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1930-களில் வகுத்த இந்த அமைப்பு, 2003 ஜூலை 30-ஆம் தேதி மெக்ஸிகோ நாட்டின் புவேப்லா ஆலையில் கடைசி வண்டி இறங்கும்வரை அடிப்படையில் மாறவில்லை. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்! உதிரிபாகம் இன்றும் உலகமெங்கும் கிடைப்பதற்கு இதுதான் காரணம். நல்லதும் கெட்டதுமாகக் கலந்து கிடைப்பதற்கும் இதுதான் காரணம்.

கார்புரேட்டர் ஒன்றே ஒன்று, நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சிலிண்டர்களோ இரண்டு கோடியில். நடுவில் கலந்த பெட்ரோலும் காற்றும் இரு பக்கமும் நீண்ட குழாய் வழியாகப் போகவேண்டும். இந்தக் குழாய்தான் இன்டேக் மேனிஃபோல்டு. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. மண்பானையில் நீர் கசிந்து ஆவியாவதால் பானைத் தண்ணீர் குளிர்கிறதல்லவா? அதேபோல் பெட்ரோல் ஆவியாகும்போது குழாயும் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த குழாயில் பெட்ரோல் ஆவியாக நிற்காமல் திவலையாக ஒட்டிக்கொள்ளும். ஒரு சிலிண்டருக்கு அதிகமும் இன்னொன்றுக்குக் குறைவுமாகப் போய்ச் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் நம்மூரிலேயே இந்த மேனிஃபோல்டின் மேல் வியர்வை பூத்து நிற்பதைக் கண்ணால் பார்த்தோம்.

இதைத் தடுக்க, சைலன்சரிலிருந்து சூடான புகையைக் கொண்டுவந்து கார்புரேட்டருக்குக் கீழே ஓடவிடும் ஒரு சிறு குழாயையும் மேனிஃபோல்டோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷக் கரி இந்தக் குழாயில் அடைத்துக்கொண்டால் சூடு ஏறாது. எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு இரு பக்கமும் தொட்டுப் பார்த்தாலே போதும். இரண்டு பக்கமும் கைவைக்க முடியாதபடி சுடவேண்டும். நாம் சொல்லும் வண்டியில் ஒரு பக்கம் சுட்டது, மறுபக்கம் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இந்த லட்சணத்தில் எந்த நாட்டுக் கார்புரேட்டரை மாட்டினாலும் திணறத்தான் செய்யும்.

அடுத்தது காற்று. 1971 மாடலிலிருந்து 1600 சி.சி. இன்ஜினில் மேனிஃபோல்டு மூன்று துண்டு: நடுவில் ஒன்று, இரு பக்கமும் அலுமினிய வார்ப்பு ஒவ்வொன்று. இவற்றை இணைப்பது இரண்டு ரப்பர் உறைகள். அந்த ரப்பர் காய்ந்து வெடித்தால், கார்புரேட்டர் அளந்து கொடுக்கும் காற்றோடு அளக்காத காற்றும் உள்ளே போகும். "முதலாளி, காசைக் கரியாக்காதீங்க, எங்கேயோ ஏர் இழுக்குது" என்று மெக்கானிக் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு ரப்பர் ஓஸின் ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுநுனியை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினார். இடது பக்க உறையருகே வந்ததும் பாம்பு சீறுவது போன்ற சத்தம். சூடான இன்ஜினின் மேல் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது தீயோடு விளையாடுவது. ஓஸ் வைத்துக் கேட்பதற்குச் செலவும் இல்லை, பயமும் இல்லை.

மேனிஃபோல்டைக் கழற்றுவது சொல்வதற்குச் சுலபம். சைலன்சர் பக்கத்துப் போல்டுகள் துருவேறி, தொட்டால் ஒடியும் நிலையில் இருந்தன. இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்துத்தான் ஸ்பேனர் போட்டார்கள். நடுத்துண்டை வெளியே எடுக்க இடம் போதாமல் டைனமோவையும் விசிறிக் கூண்டையும் தளர்த்த வேண்டியிருந்தது. அடைத்த கரியைக் கம்பிவிட்டுக் குத்திப் பார்த்தார்கள். நடுவில் கல்லாகிவிட்டிருந்தது, குழாயின் ஒரு இடத்தில் துரு அரித்து ஊசித்துளையும் விழுந்திருந்தது. எனவே மேனிஃபோல்டை மாற்றுவது என்று முடிவாயிற்று. புதிதாகப் போடும்போது சைலன்சர் பக்கத்து இரண்டு கேஸ்கெட்டும் ஒன்றுபோல் இருக்காது என்பதைக் கவனிக்கவேண்டும். ஒன்றில் துளை சிறிது, மற்றதில் பெரிது. அந்த வித்தியாசம் இருந்தால்தான் புகை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். தலைப்பக்கத்து நட்டுகளை ஆள்பலம் காட்டி முறுக்கக்கூடாது. அலுமினியத் தலையில் மரை உருவிக்கொண்டு ஸ்டட் கையோடு வந்துவிடும்.

கார்புரேட்டருக்கு வருவோம். இந்த வண்டிக்கு உரியது சோலெக்ஸ் 34 பிக்ட்-3. அதற்கு முந்தைய 1300, 1500 சி.சி. வண்டிகளுக்கு 30 பிக்ட் வகையும், 1200 சி.சி. வண்டிகளுக்கு 28 பிக்ட் வகையும் வந்தன. பெரியதை வாங்கிச் சிறியதன் மேல் ஒரு தட்டு வைத்து மாட்டித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. நம் கருத்தில் அது வேண்டாத வேலை. சோலெக்ஸ் பெயர் போட்டு வரும் நகல்கள் ஏராளம். உறுப்பினர் வாங்கிய 'புதிய' கார்புரேட்டரை மேசைமேல் வைத்துப் பார்த்தோம். மிளகில் பப்பாளி விதையைப் பொறுக்கும் கண்ணுக்கு இதைப் பார்ப்பது பெரிய காரியமா? அடித்தட்டு கண்ணாடியின் மேல் சமமாக உட்காரவில்லை; பட்டாம்பூச்சித் தகட்டின் அச்சு பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஆடியது. பில்லில் வெறும் 'கார்புரேட்டர் 1' என்று மட்டும் இருந்தது, வகையும் இல்லை, எண்ணும் இல்லை. திருப்பி எடுக்கமாட்டார்களாம்.

பழைய கார்புரேட்டரோ, அழுக்கைக் கழுவியதும், நல்ல நிலையில் இருந்தது. தேய்ந்திருந்தது அந்த அச்சின் துளை ஒன்றுதான். காரைக்குடி லேத் பட்டறையிலேயே பித்தளைப் புஷ் கடைந்து போட்டார்கள். ஃப்ளோட் நீடில் வால்வு, பம்ப் டயஃப்ரம், கேஸ்கெட் மட்டும் புதிது. இந்தக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஐடிலிங்குக்கென்று மின்சாரத்தில் இயங்கும் சிறு வால்வு ஒன்று இருக்கிறது. அதற்கு வரும் ஒற்றை ஒயர் கழன்றிருந்தாலே ஐடிலிங் நிற்காது. அதைப் பார்க்காமல் கார்புரேட்டரையே எடைக்குப் போட்டவர்களும் உண்டு.

இவ்வளவும் பழைய கதை. புதிய கதை பெட்ரோல் பங்க்கில் இருக்கிறது. 2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீதமாகத் தொடங்கிய எத்தனால் கலப்பு, 2022 ஜூனில் 10 சதவீதமாயிற்று. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமாகி, 2025-இல் நாடு முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்துவதும் கரும்பு விவசாயிக்குக் காசு வருவதும் நல்லதுதான். அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 1972-இல் கார்புரேட்டர் செய்தவர் இதை நினைத்து ஜெட் துளையிடவில்லை.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் சுமார் 13.5 கிலோ. பழைய ஜெட்டோ பழைய கணக்கிலேயே அளந்து ஊற்றுகிறது. ஆகவே கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்துபோகிறது. தண்ணீர் உள்ள காராக இருந்தால் ரேடியேட்டர் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். காற்றில் குளிரும் இன்ஜினில் அந்தச் சூடு நேராக வால்வின் தலையில் போய் விழும். இத்துடன் ரப்பர் உறை வழியே கள்ளக் காற்றும் சேர்ந்தால் கேட்கவேண்டுமா? திருப்பத்தூர் போய்வருவதற்குள் இன்ஜின் தகித்ததன் ரகசியம் இதுதான்.

மெயின் ஜெட்டின் மேல் 127.5 என்று பொறித்திருந்தது. துளையின் விட்டம் 1.275 மில்லிமீட்டர் என்று பொருள். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 132.5 போட்டால் பரப்பு 8 சதவீதம் கூடும். கணக்கு நம் குறிப்பேட்டிலேயே சரியாக வந்தது. மெக்கானிக்கோ கணக்குப் போடாமலே அதே ஜெட்டைக் கையில் எடுத்தார்! மைலேஜ் சற்றுக் குறையும், அதற்கு வழியில்லை. எத்தனாலில் உள்ள சக்தியே பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வெல்ல மூட்டையை மழைக்காலத்தில் திறந்துவைப்பது போலத்தான், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க். ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் உடம்பு துத்தநாகக் கலவை. அதன் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். உலோக அரிப்பையும் ஆராயும், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நம்மூரிலேயே இருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு பெட்ரோலோடு வண்டியை ஆறு மாதம் பூட்டிவைக்கலாமா? நீண்டநாள் நிறுத்துவதானால் கிண்ணத்தையும் டேங்கையும் காலிசெய்துவிடுவதே மேல்.

ரப்பர் ஓஸ் விஷயத்தில் சிக்கனம் கூடவே கூடாது. பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி வெடிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் வெறுமனே அழுத்திச் செருகப்பட்டது. அது நாளடைவில் ஆட்டம் கண்டு கழன்றால் பெட்ரோல் நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மேல் கொட்டும். பீட்டில் கார்கள் தீப்பிடித்து எரிந்ததற்கு உலகெங்கும் சொல்லப்படும் காரணங்களில் இது ஒன்று. குழாயைக் கையால் அசைத்துப் பாருங்கள். எத்தனால் தாங்கும் ஓஸ் என்று கேட்டு வாங்கி, இரு பக்கமும் கிளிப் போடுங்கள். கண்ணாடி ஃபில்டரை இன்ஜினுக்கு மேல் தொங்கவிடுவது அழகாக இருக்கலாம், வேண்டாம்.

கார் இல்லாத உறுப்பினர்களுக்கும் இதில் விஷயம் உண்டு. ஓசூரில் 1980 முதல் தயாரான டி.வி.எஸ். 50 இல்லாமல் நம் மளிகைக் கடைகள் நடந்திருக்குமா? அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அதில்தான் ஏறின. அதுவும், பழைய பெட்ரோல் லோடு ஆட்டோவும், புல்லட்டும் காற்றில் குளிரும் இன்ஜின்களே. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் புதிய வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம் கடை வாசலில் நிற்பவை பெரும்பாலும் அதற்கு முந்தையவை. ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தால், கார்புரேட்டர் கிட் வாங்க ஓடாமல், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள இணைப்பிலும் கேஸ்கெட்டிலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடவேண்டாம் என்றும் உறுப்பினரிடம் சொல்லியிருக்கிறோம். 50 வயது கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகத் தனி எண்வரிசையில் பதிய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். நம் உறுப்பினர் இன்னும் முடிவு செய்யவில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. ஐடிலிங் சீராக நிற்கிறது, மேனிஃபோல்டு இரு பக்கமும் சுடுகிறது. கோவிலூர் வழியாகப் போய்வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்ததில் நான்கும் வெளிர் பழுப்பாக இருந்தன; முன்பு வெள்ளையாக வெந்திருந்தவை அவை. அடுத்த தடவை இன்ஜின் ஆறியிருக்கும்போது, முக்கியமாக மூன்றாவது சிலிண்டரில், வால்வு இடைவெளி 0.15 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.