அஃபிலியேட் புரோகிராம்: தொடர்வதா, விடுவதா?

சொந்தமாக இணையதளமோ யூட்யூப் சேனலோ வைத்திருப்பவர்கள் வருமானத்திற்காக நாடும் வழிகளில் ஒன்று அஃபிலியேட் மார்க்கெட்டிங். ஒரு நிறுவனத்தின் பொருளுக்கான லிங்க்கை உங்கள் பக்கத்தில் வைக்கிறீர்கள். அதை க்ளிக் செய்து போனவர் பொருளை வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் கிடைக்கும். வாங்காவிட்டால் ஒன்றும் இல்லை. 1996-ல் அமேசான் தனது அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கிய பிறகு இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

இதில் சேருவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். சேர்ந்த புரோகிராமை எப்போது விட வேண்டும் என்பதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சுரங்கக் கணக்கு

நெய்வேலியில் இருக்கும் எனக்கு இதை விளக்கச் சுரங்கம்தான் வசதியான உதாரணம். இங்கே பழுப்பு நிலக்கரி பூமிக்கு அடியில் இருக்கிறது. அதை எடுக்க முதலில் மேல்மண்ணை ராட்சத இயந்திரங்கள் வெட்டித் தள்ள வேண்டும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை பம்புகள் இரவு பகலாக வெளியேற்றிக் கொண்டே இருக்க வேண்டும். எனவே கீழே நிலக்கரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒரு டன் எடுக்க எவ்வளவு மண்ணைத் தள்ள வேண்டும் என்றும் பார்க்க வேண்டும்.

அஃபிலியேட் புரோகிராமும் அப்படித்தான். 'கமிஷன் வருகிறதா?' என்று கேட்காதீர்கள். 'அந்தக் கமிஷனுக்காக எத்தனை க்ளிக், எத்தனை மணி நேர வேலை, வாசகரின் நம்பிக்கையில் எவ்வளவு செலவாகிறது?' என்று கேளுங்கள்.

சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

10 சதவீதம் தரும் புரோகிராம் 2 சதவீதம் தருவதை விட நல்லது என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் புரோகிராமில் 500 ரூபாய் பொருளுக்கு 10 சதவீதம். ஒரு விற்பனைக்கு 50 ரூபாய் கிடைக்கும். 1,000 க்ளிக்கில் 4 பேர் வாங்கினால் 200 ரூபாய். அதாவது ஒரு க்ளிக்குக்கு 20 பைசா.

இரண்டாவது புரோகிராமில் 15,000 ரூபாய் பிரின்டருக்கு 2 சதவீதம். ஒரு விற்பனைக்கு 300 ரூபாய். 1,000 க்ளிக்கில் 3 பேர் வாங்கினாலே 900 ரூபாய். ஒரு க்ளிக்குக்கு 90 பைசா.

ஒரு க்ளிக்குக்கு வரும் இந்தத் தொகையை இ.பி.சி. என்பார்கள். எல்லாப் புரோகிராம்களையும் இந்த ஒரே அளவுகோலால் ஒப்பிடுங்கள். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் ரத்தாகும். எனவே ஆர்டர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, உறுதியான கமிஷனை மட்டும் கணக்கில் எடுங்கள்.

எத்தனை க்ளிக் வரை காத்திருப்பது?

50 க்ளிக் போயும் ஒரு விற்பனையும் இல்லை என்றதும் பலர் புரோகிராமை மாற்றி விடுகிறார்கள். இது அவசரம். புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஒன்று உண்டு. ஒரு விற்பனைகூட ஆகாத நிலையில், 3-ஐ க்ளிக் எண்ணிக்கையால் வகுங்கள். உண்மையான விற்பனை விகிதம் அந்த எண்ணுக்குக் கீழேதான் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையுடன் சொல்லலாம்.

100 க்ளிக்கில் விற்பனை இல்லை என்றால் விகிதம் 3 சதவீதத்துக்குக் கீழே என்று மட்டுமே தெரியும். அது 1 சதவீதமாகக்கூட இருக்கலாம். 300 க்ளிக் போயும் விற்பனை இல்லை என்றால் 1 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்லலாம்.

இதை எப்படிப் பயன்படுத்துவது? ஒரு க்ளிக்குக்குக் குறைந்தது 50 பைசாவாவது வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். ஒரு விற்பனைக்கு 50 ரூபாய் கிடைக்கும் புரோகிராமில் 100 க்ளிக்குக்கு ஒரு விற்பனை தேவை. 300 க்ளிக்கில் ஒன்றும் இல்லை என்றால் விட்டு விடலாம். ஒரு விற்பனைக்கு 300 ரூபாய் கிடைத்தால் 600 க்ளிக்குக்கு ஒரு விற்பனை போதும். அங்கே 1,800 க்ளிக் வரை பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் பக்கத்திற்கு மாதம் 40 க்ளிக்தான் வருகிறது என்றால் 300-ஐ எட்டவே ஏழரை மாதம் ஆகும். அப்போது குறை புரோகிராமில் இல்லை. வாசகர் வரவு போதவில்லை. முதலில் கட்டுரைகளைக் கவனியுங்கள்.

விடுவதற்கு முன் லிங்க்கை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் அடையாளக் குறியீடு அதில் இருக்கிறதா, பொருள் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று சோதியுங்கள். குக்கீயின் ஆயுளையும் பாருங்கள். அமேசானில் பொதுவாக 24 மணி நேரம்தான். நம் வீடுகளில் லேப்டாப் வாங்க வேண்டுமானால் சம்பளத் தேதி வரை பேசிக் கொண்டிருப்போம். அப்படிப்பட்ட பொருளுக்கு 30 நாள் குக்கீ தரும் புரோகிராம், கமிஷன் குறைவானாலும் லாபமாக இருக்கக்கூடும்.

கம்பெனி விதியை மாற்றினால்

2020 ஏப்ரல் 21 முதல் அமேசான் அமெரிக்காவில் கமிஷனைக் குறைத்தது. ஃபர்னிச்சர் போன்றவற்றுக்கு 8 சதவீதமாக இருந்தது 3 ஆனது. மளிகைப் பொருளுக்கு 5 சதவீதமாக இருந்தது 1 ஆனது. கூகுள் தனது அஃபிலியேட் நெட்வொர்க்கை 2013-ல் மூடியே விட்டது. 2011-ல் கலிபோர்னியாவில் விற்பனை வரிப் பிரச்சினை வந்தபோது அந்த மாநில அசோசியேட்களின் கணக்குகளை அமேசான் நிறுத்தி, சில மாதங்கள் கழித்து மீண்டும் திறந்தது.

ஆகவே, உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே புரோகிராமில் நிற்க விடாதீர்கள். விகிதம் மாறினால் அந்தத் தேதியிலிருந்து புதுக் கணக்கு தொடங்குங்கள். பழைய மாதங்களையும் சேர்த்து சராசரி எடுத்தால் வீழ்ச்சி கண்ணில் படாது.

பணம் கைக்கு வருகிறதா?

சில புரோகிராம்களில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். மாதம் 5 டாலர் சம்பாதிப்பவர் 20 மாதம் காத்திருக்க வேண்டும். இது கிட்டத்தட்ட வராத பணம்.

இந்திய நிறுவனங்கள் கமிஷனில் டி.டி.எஸ். பிடிப்பது உண்டு. கமிஷனுக்கான விகிதம் 2024 அக்டோபர் 1 முதல் 5-லிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் வரை பிடிப்பார்கள். பிடித்த தொகையை வருமான வரி கணக்குத் தாக்கலில் சரிசெய்து கொள்ளலாம் என்பதால் அதை நஷ்டமாக எண்ணி நல்ல புரோகிராமை விட வேண்டாம்.

வாசகருக்கு என்ன ஆகிறது?

எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் விட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. எனது தளத்தில் ஒரு வெப் ஹோஸ்டிங் நிறுவனத்தின் லிங்க் இருந்தது. என் அஃபிலியேட் வருமானத்தில் பாதி அதிலிருந்துதான் வந்தது. முதல் ஆண்டு கட்டணம் மலிவு. பிறகு அந்த நிறுவனம் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தியது; புகார்களுக்குப் பதிலும் வரவில்லை. பக்கத்து வட்டத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர் என் கட்டுரையைப் படித்துத்தான் அங்கே தளம் தொடங்கியிருந்தார். பென்ஷன் பணத்தில் கட்டிய தொகையைத் திரும்பப் பெற அவரால் முடியவில்லை.

எனக்குக் கமிஷன் ஒழுங்காக வந்து கொண்டிருந்தது. ஆனாலும் அந்த வாரமே லிங்க்கை எடுத்தேன். அவருடைய தளத்தை வேறு இடத்திற்கு மாற்றியும் கொடுத்தேன். அந்த வருமானம் இன்னும் முழுதாக ஈடாகவில்லை. ஆனால் மெயின் பஜாரில் அவர் எதிரே வந்தால் நான் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை.

எனவே ஒவ்வொரு புரோகிராமுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: 'கமிஷன் பூஜ்யம் என்றாலும் இதை என் வீட்டாருக்குச் சிபாரிசு செய்வேனா?' இல்லை என்றால் இ.பி.சி. எவ்வளவு இருந்தாலும் விட்டு விடுங்கள்.

கமிஷன் வாங்குவதை வாசகரிடம் மறைக்கவும் கூடாது. மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இத்தகைய தொடர்பைத் தெளிவாகக் கூற வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

விடும் முறை

1. எந்தெந்தப் பக்கங்களில் அந்த லிங்க் இருக்கிறது என்று எக்ஸெல்லில் பட்டியல் போடுங்கள்.
2. பக்கத்தை அழிக்காதீர்கள். லிங்க்கை மட்டும் மாற்றுங்கள். பொருளைப் பற்றிய கருத்து மாறியிருந்தால் அதையும் தேதியுடன் எழுதுங்கள்.
3. நிலுவைக் கமிஷன் வந்து சேரும் வரை கணக்கை மூட வேண்டாம்.
4. வரிக் கணக்கிற்காக ஸ்டேட்மென்ட்டுகளை டவுன்லோட் செய்து வையுங்கள்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கி எல்லாப் புரோகிராம்களுக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். தொடர்பவை எவை, விட வேண்டியவை எவை என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.