உத்தியோகம் யாருக்கு?

1881-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். செப்டம்பரில் உயிர் நீத்தார். சுட்ட கிட்டோ என்பவன், தேர்தலில் கட்சிக்கு உழைத்ததாகச் சொல்லி, பாரிஸ் நகரில் கான்ஸல் பதவி கேட்டு அலைந்து ஏமாந்தவன்.

அவன் சித்தம் தடுமாறியவனாக இருக்கலாம். ஆனால் அவன் கேட்டது அக்காலத்தில் விபரீதமான கோரிக்கையன்று. ஆளும் கட்சி மாறினால் கிராமத்துப் போஸ்டு மாஸ்டர்கூட வேலையிழப்பதுண்டு. பதவியிலிருப்போர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சி நிதிக்கு அழவேண்டும்!

அடுத்து ஜனாதிபதியான ஆர்தரோ, கட்சிச் செல்வாக்கினாலேயே நியூயார்க் துறைமுகச் சுங்க அதிகாரியானவர். அவர் கையெழுத்திட்டே 1883-ல் பெண்டில்டன் சட்டம் பிறந்தது என்பதை நாம் வியவாதிருக்க முடியவில்லை. முதலில் பத்தில் ஒரு பங்கு உத்தியோகங்களுக்கே பரீட்சை வந்தது. தகுதி பார்த்து நியமிக்கும் முறை நாளடைவில் பெரும்பாலானவற்றுக்கும் பரவிற்று.

இன்று சுமார் இருபது லட்சம் சிவில் உத்தியோகஸ்தர்களுள், ஜனாதிபதியின் ஆட்சியோடு வந்து போகும் அரசியல் நியமனங்கள் ஏறக்குறைய 4,000. அவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு ஸெனட் சபையின் சம்மதமும் வேண்டும். மற்றவர்களிலும் கொள்கை வகுப்பில் பங்குகொள்வோரை எளிதில் நீக்குவதற்கு வழிசெய்து 2020-ல் டிரம்ப் ஓர் உத்தரவு பிறப்பித்தார். 2021-ல் பைடன் அதை ரத்து செய்தார். 2025-ல் டிரம்ப் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.