நீராவியில் ஓடும் ஆரணி

ஆரணியில் பட்டுத்தறி பார்க்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து நெசவாளரின் கையைப் பார்ப்பார்கள். தலையை நிமிர்த்தி, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியையும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். துளை போட்ட அட்டைகள் சரமாகக் கோத்து அதில் தொங்கும். தறிக்குழிக்குள் மிதியை அழுத்தினால் ஓர் அட்டை வந்து ஊசிகளின் மேல் படியும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதைச் சேர்ந்த கொக்கி மேலே எழும்பிப் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி கீழேயே நின்றுவிடும். தூக்கிய இழைக்கும் தூக்காத இழைக்கும் நடுவே நாடா பாயும். ஒரு ஊடை விழுந்ததும் அடுத்த அட்டை வரும். முந்தியில் மயில் தோகை விரிப்பது இப்படித்தான்.

இந்த முறையைப் பிரான்ஸின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கினார். அதே துளை அட்டையால் கணக்குப் போடும் இயந்திரத்தை ஓட்டலாம் என்று இங்கிலாந்தின் சார்ல்ஸ் பாபேஜ் திட்டமிட்டார். ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் வைத்திருந்தார். தறி பூ நெய்வதுபோல் இந்த இயந்திரம் கணிதத்தை நெய்யும் என்ற பொருளில் 1843இல் எழுதினார் ஏடா லவ்லேஸ். பாபேஜின் அந்தப் பெரிய இயந்திரம் கட்டி முடிக்கப்படவே இல்லை.

முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியில் கிளைத்ததுதான் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து 1990இல் எழுதிய 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்' நாவல். நீராவிக் காலத்துத் தொழில்நுட்பம் வேறு பாதையில் வளர்ந்திருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யும் இவ்வகைக் கதைகளுக்கு 'ஸ்டீம்பங்க்' என்று 1987இல் பெயர் சூட்டியவர் எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜெட்டர்.

இந்த உலகங்களைப் படிப்பதோடு நிற்காமல் அவற்றுக்குள் புகுந்து விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் இருவரும் 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு வழி திறந்தது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துகிறார். தெருக்கூத்தில் கட்டியக்காரன் கதையை எடுத்துக் கொடுத்து, வேடக்காரர்களிடம் கேள்வி கேட்டு, இடையில் வருவதைச் சமாளித்து நடத்திச் செல்வாரே, ஏறக்குறைய அந்த வேலைதான் இவருக்கும். ஆனால் கதையின் முடிவு இவருக்கும் தெரியாது. பகடையும் பாத்திரங்களின் முடிவுகளுமே அதைத் தீர்மானிக்கும்.

ஆட்டம் நடக்கும் உலகத்தை வீட்டிலேயே உருவாக்கிக்கொள்ளும் பழக்கம் தொடக்கத்திலிருந்தே உண்டு. 2002இல் ஒரு நிறுவனம் புதிய உலகங்களுக்குப் போட்டி வைத்தபோது 11,000க்கும் மேற்பட்டவை வந்து குவிந்தன. வென்றது கீத் பேக்கரின் 'எபெரான்'. மந்திரத்தால் ரயில் ஓடும் உலகம் அது. 2022இல் வெளிவந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' தொகுப்பில் மிமி மண்டல் வங்காளத்தின் ஆறுகளையும் மரபுகளையும் அடிப்படையாக வைத்து ஒரு சாகசம் எழுதினார். வங்காளத்துக்கு இடம் உண்டென்றால் வட ஆற்காட்டுக்கும் உண்டு.

ஆரணியை எடுத்துக்கொள்வோம். முதலில் வரலாற்றில் ஒன்றே ஒன்றை மாற்ற வேண்டும்: ஜக்கார்டு அட்டை 1850களிலேயே இங்கே வந்து, நெசவாளர்கள் அதைக் கொண்டு கணக்கிடும் தறியைக் கட்டிவிட்டார்கள். மற்றவையெல்லாம் இதன் விளைவாக வரட்டும். பத்து அதிசயங்களைத் திணித்தால் எதுவும் நம்பும்படி இருக்காது.

அடுத்தது எரிபொருள். நிலக்கரியைத் தேடி வெளியே போக வேண்டாம். ஆரணி, களம்பூர் பக்கம் அரிசி ஆலைகள் நிறைய. நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமியே எரிபொருள். கற்பனை ஆரணியின் இயந்திரங்களும் உமியில் ஓடட்டும். அப்போது அறுவடை பொய்த்தால் ஊரே நின்றுவிடும். கமண்டல நாகநதி வறண்டால் கொதிகலனுக்குத் தண்ணீர் எங்கே? கழனிக்கா, இயந்திரத்துக்கா என்ற சண்டை தானாகவே கிளம்பும்.

மோதலுக்குரிய மனிதர்களையும் வரலாறே தருகிறது. ஆரணி மராட்டிய ஜாகீராக இருந்த ஊர். எஸ்.வி. நகரம் அரண்மனையும் பூசிமலைக்குப்பம் காட்டில் சிதைந்து கிடக்கும் மாளிகையும் அதன் சாட்சிகள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வந்தது. அப்படி ரயில் வந்த பிறகுதான் 1876–78 தாது வருஷப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோரைக் கொன்றது. அப்போதும் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. 1918இல் சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர்கள் மெட்ராஸ் லேபர் யூனியனில் திரண்டார்கள். ஜாகீர்தார், ரயில்வே கம்பெனி, தானிய வியாபாரி, தறிக்காரர் சங்கம் என நான்கு தரப்பு தயார்.

ஸ்டீம்பங்க் என்றாலே பித்தளைக் கண்ணாடியும் உயரத் தொப்பியும் என்று நினைப்பவர்கள் அதன் உயிரைத் தவறவிடுகிறார்கள். இயந்திரம் யாருக்குச் சொந்தம், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே இந்தக் கதைகளின் மையக் கேள்வி. தறியோடு வாழும் ஊருக்கு அதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆட்டத்தைச் சிறிதாகத் தொடங்குவது நல்லது. ஒரு தெரு, ஒரு இரவு, ஒரு சிக்கல் போதும். ரகசியக் கணக்கு எழுதிய அட்டைச் சரம் களவு போய்விட்டது. விடிவதற்குள் அது ஆரணி ரோடு நிலையத்தில் ரயிலேறிவிடும். அந்த நிலையமோ ஊருக்குள் இல்லை, களம்பூரில் இருக்கிறது. அட்டை குத்தும் பெண், பாய்லர்காரர், ஜாகீர் கணக்கர், கூத்துக் கலைஞர் ஆகிய நால்வரும் புறப்படுகிறார்கள். உமி வண்டியை முழு வேகத்தில் விரட்டப் போவதாகப் பாய்லர்காரர் சொல்கிறார். 20 பக்கப் பகடையை உருட்டுகிறார்கள்: 12க்கு மேல் விழுந்தால் வண்டி பறக்கும், 1 விழுந்தால் குழாய் வெடிக்கும். மேசையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிவிட்டன. யாரும் எடுத்துத் தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இந்த விடுமுறையில் நான்கு பேரைச் சேருங்கள். முடிந்தால் முதலில் ஒரு தறிக்கூடத்துக்குப் போய், அட்டை எப்படி ஓடுகிறது என்று நெசவாளரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு பகடையை எடுங்கள்.