‘செவரலி’: ஜாமீன் கையெழுத்துக்கு முன்னாடி தெரிஞ்சிக்க வேண்டிய சொல்

இன்னைக்கு நாம பார்க்கப்போற ஆங்கிலச் சொல் ‘செவரலி’. பேச்சுல இதை யாரும் சொல்றதில்ல. ஆனா கடன் பத்திரத்துல ‘ஜாயிண்ட்லி அண்ட் செவரலி’னு சேர்ந்தே வரும்.

‘செவரல்’னா ‘பல’னு நமக்குத் தெரியும். அதை வச்சு, ‘பல பேர் பங்கு போட்டுக்கிறது’னு நினைச்சிடுறோம். சிலர் ‘சிவியர்லி’, அதாவது ‘கடுமையாக’ங்கிற சொல்லோட குழப்பிக்குவாங்க. ரெண்டும் இல்ல. ‘செவரல்’ங்கிறதுக்குப் பழைய பொருள் ‘தனியான’. அந்தப் பொருள்தான் ‘செவரலி’யில இன்னும் இருக்கு. ‘தே வேர் கொஸ்சன்ட் செவரலி’னா, ஒவ்வொருத்தரையும் தனித்தனியா விசாரிச்சாங்கன்னு அர்த்தம்.

தமிழ்ப் பத்திரத்துல இதையே ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’னு எழுதுவாங்க. இங்கதான் கவனிக்கணும். ‘தனித்தனியா’னா ‘அவங்கவங்க பங்குக்கு’ இல்ல. ‘ஒவ்வொருத்தரும் முழுத் தொகைக்கும்’.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். கடலூர்ல ஒருத்தர் கடை வைக்க 6 லட்சம் கடன் வாங்குறார். சிதம்பரத்துல இருக்கிற அவரோட மச்சானும், ஒரு நண்பரும் ஜாமீன் போடுறாங்க. கடை நொடிச்சுப் போச்சு. மச்சான் மனசுல கணக்கு: ‘மூணு பேர், என் பங்கு 2 லட்சம்.’ ஆனா பேங்க் அவர் ஒருத்தர்கிட்டயே முழு 6 லட்சத்தையும், வட்டியோட கேட்கலாம்.

‘முதல்ல கடன் வாங்கினவரைக் கேளுங்க’னு சொல்ல முடியுமா? பொதுவா முடியாது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128, வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும், கடன் வாங்கினவருக்கு இருக்கிற அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டுன்னு சொல்லுது. ‘பாங்க் ஆஃப் பீஹார்’ வழக்குல உச்ச நீதிமன்றமும் 1968-ல இதைத்தான் உறுதி செஞ்சது.

அப்போ மச்சானுக்கு வழியே இல்லையா? இருக்கு. கட்டின பணத்தை மாப்பிள்ளைகிட்ட திருப்பிக் கேட்கலாம் (பிரிவு 145). தன் பங்குக்கு மேல கட்டியிருந்தா, கூட ஜாமீன் போட்ட நண்பர்கிட்ட அவர் பங்கைக் கேட்கலாம் (பிரிவு 146). ஆனா அதெல்லாம் கட்டினதுக்கு அப்புறம்.

அதனால, அடுத்த முறை சொந்தக்காரங்க பேனாவை நீட்டினா, ‘எவ்வளவு தொகை வரைக்கும் என் ஜாமீன்?’னு கேட்டு, அந்த உச்சவரம்பைப் பத்திரத்துலயே எழுத வைக்கப் பாருங்க. முடியலேன்னா, மொத்தக் கடனும் நம்ம கடன்னே நினைச்சு முடிவெடுங்க. இன்னொரு சொல்லோட அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.