உடம்பின் எடைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

தோட்டத்து மக்களுக்கு நிறுவை புதிதல்ல. வெட்டிய பாலையும் கட்டிப்பாலையும் தராசில் வைத்து, கிராணியார் புத்தகத்தில் எழுதுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவோம். ஒரு கிலோ குறைந்தாலும் விடமாட்டோம். ஆனால் நம் சொந்த உடம்பைக் கடைசியாக எப்போது நிறுத்துப் பார்த்தோம்? "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லியே வருடங்களை ஓட்டிவிடுகிறோம்.

2019 இல் நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தவர்களில் பாதிப் பேருக்கு எடை அதிகம் என்று தெரிந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 100க்கு 60 பேருக்கும் மேல். இனிப்பு நீர் வியாதியும் அந்த ஆய்வில் நம்மவர்களிடம்தான் மிக அதிகம். 100க்கு 31 பேர். கண் பார்வை மங்குவதற்கும், கால் விரலை எடுப்பதற்கும், சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிப்பதற்கும் இந்த வியாதியே பெரிய காரணம். சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும்.

வேலை மாறியது, தட்டு மாறவில்லை

விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போய், 400, 500 மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் நடந்த உடம்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. சாப்பிட்டது வேர்வையாகப் போய்விட்டது. இன்று சுங்கைப் பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்குப் பஸ்ஸில் போகிறவர்களும், பீடோங், லூனாஸ், பாடாங் செராய் பக்கம் தாமான் வீடுகளில் குடியேறியவர்களும் நம்மில் நிறையப் பேர். கடைக்குப் போகக்கூட மோட்டார் சைக்கிள்தான். தட்டில் விழும் சோறு மட்டும் அன்றைய அளவே. மிச்சமானது இடுப்பில் சேருகிறது.

எது உங்கள் அளவு?

தையல்காரர் நாடா ஒன்று போதும். தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் (சுமார் 35½ அங்குலம்), பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் (சுமார் 31½ அங்குலம்). இதைத் தாண்டினால் எச்சரிக்கை. எடையில் பார்த்தால், 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 59 கிலோவுக்கு மேல் அதிக எடை. 70 கிலோவைத் தாண்டினால் உடல் பருமன். 150 சென்டிமீட்டர் உயரத்துக்கு இதே எல்லைகள் 52, 62 கிலோ.

இப்போது 80 கிலோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "தீபாவளிக்குள்ளே 20 கிலோ குறைக்கணும்" என்று கிளம்பினால் இரண்டு வாரத்தில் சலித்துப்போகும். முதல் குறி 4 கிலோ போதும். அதாவது நூற்றுக்கு ஐந்து. இதை மூன்று நான்கு மாதத்தில் இறக்கினாலே இரத்தக் கொதிப்பும் சீனி அளவும் இறங்கத் தொடங்கும். பிறகு அடுத்த குறியை வைக்கலாம். வாரத்தில் ஒரு நாள், காலையில், ஒரே தராசில் நிறுத்துக் காலண்டரில் எழுதி வையுங்கள். நாள்தோறும் நிறுத்து மனம் நோகவேண்டாம்.

சென்னையில் கண்ட உண்மை

டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2006 இல் வெளியானது. இனிப்பு நீர் வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். பழையபடியே இருந்தவர்களில் 100க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, நாள்தோறும் அரை மணி நேரம் நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை! ஆகவே, தராசு முள் நகரவில்லையே என்று நடையை நிறுத்திவிடாதீர்கள். முள் அசையாத நாளிலும் பழக்கம் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கே தொடங்குவது?

முதலில் தேத்தண்ணி. ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி, நாளைக்கு நான்கு கோப்பை என்றால் 12 கரண்டி, அதாவது 60 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மூன்று கரண்டியை ஒன்றாக்குங்கள். மாதத்தில் 1 கிலோ 200 கிராம் சீனி உடம்புக்குள் போகாமல் நிற்கும். ஒரேயடியாக முடியாவிட்டால் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். நாக்கு தானாகப் பழகிவிடும். கடையில் "சீனி குறைச்சு" என்று சொல்லி வாங்குங்கள். டின் பாலிலும் சீனி இருக்கிறது, மறக்கவேண்டாம்.

அடுத்தது தட்டு. நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை எளிது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறியும் பழமும். வீட்டோரம் நிற்கும் முருங்கைக்கீரைக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. பசியாற ரொட்டி சானாய் தினமும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

மூன்றாவது நடை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். அதுதான் சரியான வேகம். மூன்று தடவை பத்துப் பத்து நிமிடமாகவும் நடக்கலாம். வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்தே கிளம்பினால் இரண்டு பேரும் விடமாட்டார்கள்.

கவனிக்க வேண்டியவை

இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டை வெட்டக்கூடாது; சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணித் தாய்மார்கள் எடை குறைக்க முயலக்கூடாது. எந்த முயற்சியும் இல்லாமல் எடை தானாக இறங்கினால் சந்தோஷப்படாமல் கிளினிக்குக்குப் போங்கள். அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். பாசார் மாலாமில் விற்கும் மெலியும் காப்பி, மாத்திரைகளை நம்பவேண்டாம். இதயத்துக்கு ஆபத்து என்று 2010 இல் பல நாடுகள் விலக்கிய சிபுட்ராமின் என்ற மருந்து இப்படிப்பட்ட பொருள்களில் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்தில் எடை, இரத்தக் கொதிப்பு, சீனி மூன்றையும் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஓய்வு நாளில் வீட்டில் பெரியவர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். அன்று சாயங்காலத் தேத்தண்ணியிலேயே ஒரு கரண்டியைக் குறைத்துவிடுங்கள்.