பாட்டா ஊரின் பயிற்சி விமானம்

பாட்டா என்றவுடன் நமக்குக் காலணி நினைவுக்கு வரும். வங்காளத்தில் வாழும் அன்பர்களுக்குக் கல்கத்தாவை அடுத்த பாட்டாநகரும் நினைவுக்கு வரலாம். ஆகாய விமானம் நினைவுக்கு வருமோ?

செக்கோஸ்லோவாகியாவின் ஸ்லீன் நகரில் காலணித் தொழிலை வளர்த்த தோமாஷ் பாட்டா, 1932-இல் அருகிலுள்ள ஓட்ரோகோவிட்ஸேயிலிருந்து மூடுபனியில் கிளம்பிய விமானம் விழுந்து மாண்டார். ஆயினும் அவருடைய நிறுவனத்தார் விமானத்தை வெறுக்கவில்லை. 1934-இல் அவ்வூரிலேயே விமானத் தொழிலைத் தொடங்கினர்.

போருக்குப் பின் அது அரசுடைமையாயிற்று. அங்கே 1947-இல் முதன்முதலாகப் பறந்ததே 'டிரேனர்', அதாவது பயிற்றுநர். ஆசானும் மாணாக்கரும் முன்னும் பின்னுமாக அமர்வர். இருவருக்கும் இயக்குகோல் உண்டு. பயிருக்கு மருந்து தூவ 'வண்டு' என்னும் பெயருடைய வேறொரு விமானமும் 1963-இல் செக் நாட்டில் தோன்றியது.

மாணாக்கருக்கென்று செய்த டிரேனர் ஆகாய வித்தைக்கும் ஏற்றதாயிருந்தது. 1960-இல் பிராட்டிஸ்லாவாவில் நடந்த முதல் உலகப் போட்டியில் லாதிஸ்லாவ் பெஸாக் இவ்வகை விமானத்திலேயே வென்றார். அவரே 1971-இல் மனைவியையும் நான்கு புதல்வரையும் இருவருக்கான டிரேனரில் ஏற்றிக்கொண்டு மேற்கு ஜெர்மனிக்குத் தப்பியது தனிக்கதை!

ஆனால் குட்டிக்கரணம் அடிக்கும்தோறும் இறக்கைகள் படும் பாடு சொல்லி முடியாது. 1970 ஜூன் மாதம் இங்கிலாந்தின் ஹல்லவிங்டனில் நீல் வில்லியம்ஸ் என்னும் விமானி, டிரேனர் வழிவந்த ஸ்லீன் விமானத்தில் பழகிக்கொண்டிருந்தார். திடீரெனப் பெருஞ்சத்தம் கேட்டது. இடது இறக்கை மேல்நோக்கி மடியத் தொடங்கிற்று. உலோகம் களைத்து, இறக்கையின் அடிமூட்டு முறிந்துவிட்டது. ரயிலாயின் நிறுத்தி இறங்கலாம். ஆகாயத்தில் நிலையம் ஏது?

நேராகப் பறக்கையில் காற்று இறக்கையை மேலே தூக்கும். அடிமூட்டுத்தான் அதை இழுத்துப் பிடிக்கிறது. தலைகீழானால் பாரம் எதிர்ப்பக்கம் மாறி, முறிந்த இடம் நெருங்கி மூடிக்கொள்ளும். வேறொரு விமானிக்கு இவ்வாறு நேர்ந்ததை வில்லியம்ஸ் முன்பே கேட்டிருந்தார். நொடியில் விமானத்தைக் கவிழ்த்தார். இறக்கை பழைய இடத்தில் வந்து அமர்ந்தது! இயந்திரம் நின்றது, அதையும் மீண்டும் இயக்கினார். தலை கீழாகத் தொங்கியவாறே மேலேறி, இறங்கும் வழியை யோசித்தார்.

கவிழ்ந்த நிலையிலேயே திடலை நெருங்கினார். தரை தொடும் தறுவாயில் விமானத்தைச் சட்டென நிமிர்த்தினார். இறக்கை மீண்டும் மடிந்தது. விமானம் வயிறு தேய விழுந்து நொறுங்கிற்று. வில்லியம்ஸ் தாமே வெளியேறி நடந்து வந்தார்.