பல்கலைக்கழகம் போகுமுன் பத்தாம், பதினோராம் ஆண்டுக் கணிதத்தைத் திரும்பிப் படியுங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பல்கலைக்கழக அனுமதி கைக்குக் கிடைக்கும் வரை நம் நாட்டில் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. இந்த இடைவெளியில் பிள்ளைகள் ஆங்கில வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் போகிறார்கள். கணிதத்தைத் தொடுபவர்கள் மிகக் குறைவு.

நான் கணித ஆசிரியன். கிளிநொச்சி மாவட்டத்தின் ஸ்கந்தபுரத்திலும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் புத்தளத்திலும் கற்பித்திருக்கிறேன். இரண்டு இடங்களிலும் கண்டது ஒன்றுதான். முதலாம் வருடத்தில் தடுக்கி விழும் பிள்ளைகளில் பலர் பழைய பாடத்தில்தான் விழுகிறார்கள்.

ஓர் உதாரணம். ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன் ஆகியோரை விட்டு மரணிக்கிறார். வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. பொதுப்பகுதி 24, இருவருக்கும் சேர்த்து 7/24. மகனுக்கு மீதி 17/24. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய அட்சரகணித நூலில் இத்தகைய பங்கீட்டுக் கணக்குகளுக்குப் பெரியதொரு பகுதியே உண்டு. ‘அல்ஜிப்ரா’ என்ற சொல் அந்நூலின் தலைப்பிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்பதிலிருந்து வந்தது.

இந்தக் கணக்கைச் சரியாகச் செய்யும் பிள்ளையிடம் 1/x + 1/(x+2) என்று கொடுத்துப் பாருங்கள். சிலர் 2/(2x+2) என்று எழுதுவார்கள். எண்ணுக்குப் பொதுப்பகுதி தேடியவர் எழுத்தைக் கண்டதும் அதை மறந்துவிடுகிறார். பின்னர் பொறியியல் பீடத்தில் பகுதிப் பின்னங்களைக் கொண்டு தொகையிடும்போது அவருக்கு விடை பிழைக்கும். “தொகையீடு கஷ்டம்” என்பார். உண்மையில் கஷ்டம் பின்னத்தில் இருக்கிறது.

உயர்தரத்தில் இது ஏன் வெளிப்படுவதில்லை? இணைந்த கணித வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் ஏழு வினாக்களில் ஐந்துக்கு விடை எழுதினால் போதும். பிடிக்காத பாடத்தை ஒதுக்கிவிட்டு நல்ல பெறுபேறு எடுக்கலாம். இசட் புள்ளியோ ஒரு மாணவர் ஏனையோருடன் ஒப்பிடுகையில் எங்கே நிற்கிறார் என்பதை மட்டுமே சொல்லும். எந்த அடிப்படை விடுபட்டது என்பதை அது சொல்லாது.

உயிரியல் பிரிவுப் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களில் பலர் சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. ஸ்கந்தபுரத்துப் பிள்ளைக்கு அது சொந்த மாவட்டம். ஆனால் விவசாயம் படிக்கப் போகிறவர் வயல் பரிசோதனையின் முடிவுகளை ஆராய நியம விலகலும் நிகழ்தகவும் தெரிந்திருக்க வேண்டும்.

மொழி இன்னொரு சுவர். தமிழில் சார்பு, எல்லை, காவி, தாயம், மடக்கை என்று படித்தவர் விரிவுரையில் ஃபங்ஷன், லிமிட், வெக்டர், மேட்ரிக்ஸ், லோகரிதம் என்று கேட்கிறார். தெரிந்த பாடமே தெரியாதது போலத் தோன்றும்.

ஆகவே, இடைவெளியில் எட்டு வாரங்களை ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் பின்னம், சுட்டி, மடக்கை. அடுத்த இரண்டு வாரம் காரணியாக்கல், சமன்பாடு, சமனிலி. பின்னர் இரண்டு வாரம் சார்பும் வரைபும், திரிகோண கணிதமும். கடைசி இரண்டு வாரம் புள்ளிவிபரம். ஒவ்வொரு நாளும் படித்த சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விடையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு படியும் ஏன் சரி என்பதைப் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லிப் பழகுங்கள்.

ஊர்ச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதற்கு ஓர் அறையும் ஒரு கரும்பலகையும் தந்தால் போதும். விடுமுறையில் வரும் பல்கலைக்கழக மாணவர்கள் கற்பிக்கலாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், புத்தளம் ஆகியவை கல்வியில் பின்தங்கியவையாக வகைப்படுத்தப்பட்ட மாவட்டங்கள். மாவட்ட ஒதுக்கீடு நம் பிள்ளையைப் பல்கலைக்கழக வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே போனபின் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே வினாத்தாள்தான். அதற்குப் பிள்ளையைத் தயார்படுத்துவது நம் கடமை.